ஏல அலுவலக மெயிலைச் சர்வரிலேயே பிரித்து வைப்பது எப்படி: சீவ் ஸ்கிரிப்ட் முழுமையான வழிகாட்டி

போடிக்கும் குமுளிக்கும் நடுவே ஏலக்காய் வியாபாரம் செய்கிற எந்த அலுவலகத்தின் மெயிலைத் திறந்தாலும் இன்பாக்ஸ் ஒரே மாதிரிதான் இருக்கும். புற்றடி ஏலப் பட்டியல், போடி ஏலப் பட்டியல், பேங்க் அறிவிப்பு, லாரி சர்வீஸ் அனுப்பிய இ-வே பில், வடநாட்டு வியாபாரியின் விலை விசாரணை, ஆடிட்டரின் ஜிஎஸ்டி நினைவூட்டல், இவற்றுக்கு நடுவே விளம்பரக் குப்பை. பாதி ஆங்கிலம், கொஞ்சம் தமிழ், கொஞ்சம் மலையாளம்.

இதைப் பிரிக்க அவுட்லுக்கிலோ தண்டர்பேர்டிலோ விதி போட்டு வைப்பவர்கள் அதிகம். அந்த விதி அந்தக் கம்ப்யூட்டர் ஓடும்போது மட்டும்தான் வேலை செய்யும். ஜூன், ஜூலையில் மலையில் கரண்டும் நெட்டும் போய்ப் போய் வரும். அலுவலக கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தால், முதலாளியின் போனில் எல்லா மெயிலும் பிரிபடாமல் கொட்டும். பிரிக்கும் வேலையைச் சர்வரிடமே கொடுத்துவிட்டால் போன், அலுவலகம், குடோன் எங்கே திறந்தாலும் ஒரே ஒழுங்கில் இருக்கும்.

சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கும், சின்ன அலுவலகங்களுக்கு அதைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இந்த வழிகாட்டி. லினக்ஸ் வகைகளான டெபியன் அல்லது உபுண்டு, மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், அதைப் பெட்டியில் வைத்து யூசருக்குக் காட்டும் டவ்காட் ஆகியவை ஏற்கெனவே ஓடுகின்றன என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளின் பெயரை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். சர்வரில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

சீவ் என்றால் என்ன

மெயிலைப் பிரிப்பதற்கென்றே உருவான சின்ன மொழி சீவ். அதன் இப்போதைய வரையறை ஆர்எஃப்சி 5228 என்ற இணையத் தர ஆவணம், 2008-ல் வந்தது. இதில் லூப் கிடையாது, வெளி புரோகிராமை இயக்கும் வசதியும் அடிப்படை மொழியில் கிடையாது. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஒருவர் எழுதிய விதி சர்வர் முழுவதையும் முடக்கிவிடக் கூடாது அல்லவா?

இன்னொரு நல்ல குணமும் உண்டு. எந்த விதியும் பொருந்தாவிட்டால் மெயில் இன்பாக்ஸில் விழும். ஸ்கிரிப்ட் ஓடும்போது பிழை வந்தாலும் இன்பாக்ஸில்தான் விழும். நாமாகத் தூக்கிப் போடச் சொன்னால் ஒழிய மெயில் தொலையாது. இந்தக் குணத்தைக் கெடுக்காமல் விதி எழுதுவதுதான் நம் வேலை.

டவ்காட்டுக்கு இதைத் தருவது பிஜன்ஹோல் என்ற துணைப் பொதி. டெபியனில் டவ்காட்-சீவ், டவ்காட்-மேனேஜ்சீவ்டி, டவ்காட்-எல்எம்டிபிடி என்ற மூன்று பொதிகளை நிறுவுங்கள்.

மெயில் டவ்காட் கைக்கு வர வேண்டும்

நிறையப் பேர் சிக்குகிற இடம் இது. வந்த மெயிலைப் போஸ்ட்ஃபிக்ஸ் தானே நேராக மெயில் பெட்டியில் எழுதிவிட்டால், நீங்கள் எவ்வளவு அழகாக ஸ்கிரிப்ட் எழுதினாலும் அது ஓடாது. சீவ் ஓடுவது டவ்காட்டின் கையில் மெயில் வந்த பிறகுதான். ஆகவே போஸ்ட்ஃபிக்ஸின் மெயின் கோப்பில், விர்ச்சுவல் யூசர்கள் என்றால் விர்ச்சுவல் டிரான்ஸ்போர்ட் வரியிலும், லினக்ஸ் யூசர்கள் என்றால் மெயில்பாக்ஸ் டிரான்ஸ்போர்ட் வரியிலும், டவ்காட்டின் எல்எம்டிபி சாக்கெட்டை (மெயிலை ஒரு புரோகிராம் இன்னொன்றிடம் ஒப்படைக்கும் வாசல்) காட்டுங்கள். டவ்காட்டின் மாஸ்டர் கோப்பில் அதே சாக்கெட்டைப் போஸ்ட்ஃபிக்ஸின் பிரைவேட் ஃபோல்டருக்குள் திறந்து, போஸ்ட்ஃபிக்ஸ் யூசருக்கு அனுமதி கொடுங்கள்.

அப்புறம் எல்எம்டிபி பகுதியில் மெயில் பிளகின்ஸ் என்ற வரியில் சீவ் என்பதைச் சேருங்கள். புரோட்டோகால் வரியிலும் சீவ் இருக்க வேண்டும். யூசர்கள் தங்கள் ஸ்கிரிப்டைத் தாங்களே ஏற்றி மாற்ற உதவும் மேனேஜ்சீவ் சேவையை அதுதான் தொடங்கும். அது 4190 போர்ட்டில் கேட்கும். யூசர்கள் ரவுண்ட்கியூப் என்ற வெப்மெயில் வழியாக மட்டும்தான் விதி மாற்றுவார்கள், அதுவும் அதே சர்வரில் ஓடுகிறது என்றால், இந்தப் போர்ட்டை ஃபயர்வாலில் வெளியே திறக்க வேண்டிய தேவையே இல்லை.

ஒவ்வொரு யூசருக்கும் ஹோம் ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். விர்ச்சுவல் யூசர்களுக்கு இதைக் கொடுக்காமல் விட்டிருப்பார்கள். மெயில் வந்து போய்க்கொண்டிருக்கும், ஸ்கிரிப்டை வைக்க மட்டும் இடம் இருக்காது. ஹோம் ஃபோல்டரும் மெயில் ஃபோல்டரும் ஒன்றாக இருக்கவும் கூடாது. மெயிலை ஹோமுக்குள் தனி ஃபோல்டராக வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை: டவ்காட் 2.4 பதிப்பில் அமைப்புக் கோப்பின் எழுத்து முறையே மாறிவிட்டது. 2.3-க்கு எழுதிய வரிகள் அதில் அப்படியே ஓடாது. எந்தப் பதிப்பு என்று முதலில் பார்த்துவிட்டு அதற்கான ஆவணத்தைத் திறங்கள். டவ்கான்ஃப் கட்டளையை என் என்ற விருப்பத்தோடு ஓட்டினால், நீங்கள் மாற்றிய அமைப்புகள் மட்டும் திரையில் வரும். ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் அதை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

எல்லோருக்கும் பொதுவான முதல் ஸ்கிரிப்ட்: ஸ்பாம்

டவ்காட் 2.3-ல், யூசரின் ஸ்கிரிப்டுக்கு முன்னால் ஓடுவதற்குச் சீவ் பிஃபோர் என்ற அமைப்பும், பின்னால் ஓடுவதற்குச் சீவ் ஆஃப்டர் என்ற அமைப்பும் உண்டு. ஸ்பாம் விதியை பிஃபோரில் போடுங்கள். ஆர்ஸ்பாம்டி என்ற ஸ்பாம் வடிகட்டி வைத்திருந்தால், சந்தேகமான மெயிலில் எக்ஸ்-ஸ்பாம் என்ற தலைப்பு வரியைச் சேர்த்து அனுப்பும். அந்த வரியில் யெஸ் இருந்தால் ஜங்க் ஃபோல்டருக்கு அனுப்பு என்று மூன்று வரி எழுதினால் போதும்.

ஒரு மெயிலுக்கு ஃபைல்இன்டூ (ஃபோல்டரில் போடும் கட்டளை) நடந்துவிட்டால் அதன் இயல்பான இன்பாக்ஸ் வழி ரத்தாகும். அடுத்த ஸ்கிரிப்டும் ஓடாது. இங்கே நமக்கு வேண்டியதும் அதுதான். ஜங்க்குக்குப் போன மெயிலுக்கு விடுமுறைப் பதில் போகக் கூடாது.

பொதுவான ஸ்கிரிப்டைச் சீவ்சி என்ற கட்டளையால் நீங்களே கம்பைல் செய்து (சர்வர் நேராக ஓட்டும் வடிவத்துக்கு மாற்றி) வையுங்கள். யூசராக ஓடும் டவ்காட்டுக்கு அந்த ஃபோல்டரில் எழுத அனுமதி இருக்காது; கம்பைல் செய்த கோப்பு இல்லாவிட்டால் ஒவ்வொரு மெயிலுக்கும் ஸ்கிரிப்டைப் புதிதாகப் படிக்கும், சர்வரின் பதிவேடான லாகும் பிழைச் செய்தியால் நிறையும்.

விதி எழுதும் முன் பட்டியல் எழுதுங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். கடந்த ஒரு மாத மெயிலைப் புரட்டி, யாரிடமிருந்து வருகிறது, எவ்வளவு சீக்கிரம் பார்க்க வேண்டும் என்ற இரண்டை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு ஒரே ஒரு முடிவு எடுங்கள்: அவசரமானது இன்பாக்ஸிலேயே இருக்கும், அவசரமில்லாததைத்தான் வெளியே எடுப்போம்.

பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். முக்கியமான மெயில் என்பதால் அதற்குத் தனி ஃபோல்டர் போடுகிறார்கள். போன் ஆப்களில் பெரும்பாலானவை இன்பாக்ஸுக்கு மட்டும்தான் மணியடிக்கும். இ-வே பில்லைத் தனி ஃபோல்டருக்கு அனுப்பிய ஒரு அலுவலகத்தில், கணக்கர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "அண்ணே, லாரி குமுளியில நிக்குது, பில்லு இன்னும் வரலைங்கிறாங்கண்ணே" என்றார். பில் வந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தவர் போனில் அந்த ஃபோல்டர் தெரியவே இல்லை. மாநிலம் தாண்டும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில் கட்டாயம். அந்த மெயிலை இன்பாக்ஸை விட்டு நகர்த்தவே கூடாது. அதற்கு ஐமேப்4ஃபிளாக்ஸ் என்ற நீட்சியால் (சீவ் மொழியின் கூடுதல் வசதி) நட்சத்திரக் கொடி மட்டும் போட்டு இன்பாக்ஸிலேயே விடுங்கள்.

வெளியே எடுக்க வேண்டியவை: தினசரி ஏல விலைப் பட்டியல், பேங்க்கின் மாதாந்தர ஸ்டேட்மென்ட், விளம்பரம், மென்பொருள் அறிவிப்பு, சங்கச் சுற்றறிக்கை.

முகவரியை வைத்துப் பிரியுங்கள், வார்த்தையை வைத்து வேண்டாம்

ஸ்கிரிப்டின் முதல் வரி ரிக்வயர். பயன்படுத்தப்போகும் நீட்சிகளின் பெயரெல்லாம் அதில் வர வேண்டும்: ஃபைல்இன்டூ, மெயில்பாக்ஸ், ஐமேப்4ஃபிளாக்ஸ். விட்டால் கம்பைல் ஆகாது. அதன்பிறகு ஒவ்வொரு விதியும் இஃப் என்று தொடங்கும், நிபந்தனை வரும், சுருள் அடைப்புக்குள் செயல் வரும். செயலின் கடைசியில் ஸ்டாப் போடுங்கள். போடாவிட்டால் கீழே இருக்கும் விதிகளும் ஓடி, ஒரே மெயில் இரண்டு ஃபோல்டரில் போய் உட்காரும்.

நிபந்தனைக்கு அட்ரஸ் சோதனையைப் பயன்படுத்துங்கள். ஃப்ரம் வரியின் டொமைன் பகுதியை மட்டும் எடுத்து, இஸ் என்ற ஒப்பீட்டால் முழுதாக ஒப்பிடுங்கள். கன்டெய்ன்ஸ் வேண்டாம். பேங்க்கின் பெயரை நடுவில் சொருகிய போலி டொமைன்களும் கன்டெய்ன்ஸில் பொருந்திவிடும். மோசடி மெயிலை நீங்களே பேங்க் ஃபோல்டரில் கொண்டுபோய் வைத்ததாகிவிடும். சில பேங்க்குகள் துணை டொமைன்களிலிருந்து அனுப்பும். அவற்றையும் பட்டியலில் ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒரே நிபந்தனையில் சதுர அடைப்புக்குள் எத்தனை டொமைன் வேண்டுமானாலும் எழுதலாம்.

பழைய ஸ்கிரிப்ட் வைத்திருப்பவர்கள் பேங்க் விதியை இப்போதே திறந்து பாருங்கள். இந்திய பேங்க்குகள் டாட் பேங்க் டாட் இன் என்ற டொமைனுக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லி, 2025 அக்டோபர் 31 வரை கெடு கொடுத்திருந்தது. பழைய டொமைனை மட்டும் எழுதிய விதி சத்தமில்லாமல் வேலை செய்வதை நிறுத்தியிருக்கலாம். கொஞ்ச நாளைக்குப் பழையது, புதியது இரண்டையும் வைத்திருங்கள்.

குழு மெயில்களுக்கும் சுற்றறிக்கைகளுக்கும் லிஸ்ட்-ஐடி என்ற தலைப்பு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைவிட உறுதியான அடையாளம் கிடையாது. யார் அனுப்பினாலும் அந்தக் குழுவின் அடையாளம் மாறாது.

தமிழும் மலையாளமும் வரும் தலைப்புகள்

சப்ஜெக்ட் வரியை வைத்துப் பிரித்தே ஆக வேண்டும் என்ற நிலையும் வரும். ஒரே முகவரியிலிருந்து ஏலப் பட்டியலும் பில்லும் வந்தால் வேறு வழியில்லை. மெயிலின் மூல வடிவத்தைத் திறந்தால் தமிழ் சப்ஜெக்ட் புரியாத எழுத்துக் குவியலாகத் தெரியும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சீவ் அதைப் பிரித்துப் படித்த பிறகுதான் ஒப்பிடும். ஸ்கிரிப்டில் தமிழிலேயே எழுதலாம், கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் போதும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பார்க்க ஒன்றாக இருக்கும் எழுத்து உள்ளே ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. போடி என்ற ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். போ என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். சீவ் வழக்கமாகச் செய்கிற ஒப்பீட்டில் அவை வேறு வேறு. பழைய டிடிபி கோப்பிலிருந்து மாற்றி ஒட்டிய தலைப்புகளில் இரண்டாவது வகை வர வாய்ப்பு அதிகம்.

நிறுவனப் பெயர்களில் வரும் ஸ்ரீ இன்னும் மோசம். ஸ என்ற எழுத்தில் தொடங்கி எழுதுவது ஒரு வகை, யூனிகோடில் பிறகு வந்த ஶ என்ற எழுத்தில் தொடங்குவது இன்னொரு வகை. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கடைப் பெயரில் பாதிக்குப் பாதி ஸ்ரீ இருக்கிற நம் பக்கத்தில், அதை வைத்து விதி எழுதினால் ஒருநாள் பொருந்தும், ஒருநாள் பொருந்தாது.

மலையாளத்தில் சில்லு எழுத்துகள். மூணாறு என்று மலையாளத்தில் எழுதும்போது கடைசியில் வருவது அப்படிப்பட்ட ஓர் எழுத்துதான். 2008-ல் வந்த யூனிகோட் 5.1 சில்லுகளுக்குத் தனிக் குறிகள் கொடுத்தது. அதற்கு முன்பு மெய்யெழுத்தோடு கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி சேர்த்து எழுதினார்கள். அந்தப் பழைய முறையிலான எழுத்து இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

ஆகவே சப்ஜெக்டில் வார்த்தை தேடியே தீர வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். உண்மையில் வந்த மெயிலிலிருந்து வார்த்தையைக் காப்பி செய்து ஸ்கிரிப்டில் ஒட்டுங்கள். நீங்கள் தட்டச்சு செய்ய வேண்டாம். வேறு வடிவங்கள் வந்திருந்தால் அவற்றையும் அதே பட்டியலில் சேருங்கள். முடிந்தவரை இந்தச் சிக்கல் இல்லாத துண்டைத் தேடுங்கள். ஏலம் என்ற சொல்லில் பிரிந்து எழுதக்கூடிய குறி எதுவும் இல்லை, அது பாதுகாப்பானது. அதோடு அனுப்புநர் முகவரியையும் ஆல்ஆஃப் என்று சேர்த்து, இரண்டும் பொருந்தினால்தான் நகர்த்து என்று எழுதுங்கள்.

ஃபோல்டர் பெயரையும் தமிழில் வைக்கலாம், டவ்காட் பார்த்துக்கொள்ளும். ஃபைல்இன்டூவோடு கிரியேட் என்ற குறியைச் சேர்த்தால் இல்லாத ஃபோல்டரைத் தானே உருவாக்கும். உருவானது போனில் தெரியவில்லை என்றால் அது சப்ஸ்கிரைப் ஆகவில்லை என்று அர்த்தம். எல்டிஏ மெயில்பாக்ஸ் ஆட்டோசப்ஸ்கிரைப் என்ற அமைப்பை யெஸ் ஆக்குங்கள். உள் ஃபோல்டர் என்றால், நடுவே வருவது புள்ளியா சாய்கோடா என்பதை உங்கள் நேம்ஸ்பேஸ் (ஃபோல்டர் பெயர்களை அடுக்கும் முறை) அமைப்பில் பார்த்து எழுதுங்கள்.

ஓட விடும் முன் சோதனை

சீவ்-டெஸ்ட் என்ற கட்டளை இருக்கிறது. ஸ்கிரிப்ட் கோப்பு ஒன்று, உண்மையான மெயில் ஒன்று, இரண்டையும் அதற்குக் கொடுங்கள். அது எதையும் நகர்த்தாது. என்ன நடக்கும் என்று மட்டும் சொல்லும். திரையில் இரண்டு பகுதி வரும். முதலாவது நடக்கப்போகும் செயல்கள், எந்த ஃபோல்டரில் சேரும் என்று பெயரோடு. இரண்டாவது இம்ப்ளிசிட் கீப். அதற்குக் கீழே நன் என்று இருந்தால் மெயில் இன்பாக்ஸுக்குத் தானாகப் போகாது என்று பொருள். உங்கள் தாளில் எழுதிய ஒவ்வொரு வகைக்கும் ஒரு மெயிலை எடுத்துச் சோதியுங்கள். எதற்கும் பொருந்தக் கூடாத ஒரு சாதாரண மெயிலையும் கட்டாயம் சோதியுங்கள். தமிழ் சப்ஜெக்ட் ஏன் பொருந்தவில்லை என்று தெரிய வேண்டுமானால், டிரேஸ் விருப்பத்தை மேட்சிங் அளவில் வைத்து ஓட்டினால் எதை எதோடு ஒப்பிட்டது என்று வரிவரியாகக் காட்டும்.

ஓட விட்ட பிறகு முதல் வாரம் மெயில் லாகைத் தினமும் பாருங்கள். ஒவ்வொரு மெயிலுக்கும் எந்தப் பெட்டியில் சேர்த்தது என்று சீவ் ஒரு வரி எழுதும். யூசர் ஸ்கிரிப்டில் பிழை என்றால் அந்த யூசரின் ஸ்கிரிப்ட் கோப்புப் பெயரோடு லாக் என்று சேர்ந்த தனிக் கோப்பில் விவரம் இருக்கும்.

ஓணத்துக்கும் பொங்கலுக்கும் தானியங்கிப் பதில்

குமுளி அலுவலகம் ஓணத்துக்கு மூடும், போடி அலுவலகம் பொங்கலுக்கு மூடும். வெக்கேஷன் நீட்சியை டேட், ரிலேஷனல் நீட்சிகளோடு சேர்த்தால், இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை மட்டும் பதில் போகும்படி எழுதலாம். யாரும் உட்கார்ந்து நிறுத்த வேண்டியதில்லை. திருவோணத் தேதி வருடா வருடம் மாறும் என்பதால் தேதியை மட்டும் திருத்துங்கள். ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்பப் பதில் போகாது. வழக்கமான இடைவெளி 7 நாள். குழு மெயிலுக்கும், உங்கள் முகவரி டூ, சிசி வரிகளில் இல்லாத மெயிலுக்கும் பதில் அனுப்பாது. விற்பனை, தகவல் என்று வேறு பெயர்களிலும் உங்களுக்கு மெயில் வருகிறதென்றால் அந்த முகவரிகளை அட்ரசஸ் பகுதியில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பதில் போகாது. பதிலைத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதிவிடுங்கள்.

தொடக் கூடாத மூன்று

டிஸ்கார்ட் போட்டால் மெயில் சுவடில்லாமல் போய்விடும். எவ்வளவு எரிச்சலூட்டும் விளம்பரமாக இருந்தாலும் ஜங்க்குக்கு அனுப்புங்கள், அங்கே 30 நாளில் அழியும்படி டவ்காட்டில் அமையுங்கள்.

ரிஜெக்ட் வேண்டாம். சர்வர் மெயிலை வாங்கிக்கொண்ட பிறகுதான் சீவ் ஓடுகிறது. அப்போது நிராகரித்தால் திருப்பிச் செய்தி அனுப்ப நேரும். ஸ்பாமில் அனுப்புநர் முகவரி பொய்யாக இருப்பதால் அது சம்பந்தமில்லாத ஒருவர் தலையில் விழும். நிராகரிப்பது போஸ்ட்ஃபிக்ஸ் வாசலிலேயே நடக்க வேண்டிய வேலை.

ரிடைரக்ட் (மெயிலை வேறு முகவரிக்குத் தள்ளிவிடுவது) பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா அலுவலகத்திலும் முதலில் கேட்பது அதைத்தான்: "எல்லாத்தையும் என் ஜிமெயிலுக்கு அனுப்பிவிடுங்க தம்பி." ஒரு டொமைனின் எஸ்பிஎஃப் பதிவு அந்த டொமைனுக்காக அனுப்ப உரிமையுள்ள சர்வர்களைச் சொல்கிறது. உங்கள் சர்வர் அந்தப் பட்டியலில் இல்லை. அனுப்புநர் முகவரியை மாற்றாமல் நீங்கள் தள்ளிவிடும் மெயில் எஸ்பிஎஃப் சோதனையில் தோற்கும். மெயிலில் அனுப்புநர் டொமைன் இட்ட டிகிம் என்ற டிஜிட்டல் கையெழுத்து சிதையாமல் இருந்தால் தப்பிக்கும், இல்லாவிட்டால் கடுமையான டிமார்க் (சோதனையில் தோற்ற மெயிலை என்ன செய்வது என்று டொமைன் சொல்லும் விதி) வைத்த டொமைனின் மெயில் அங்கே நுழையாது. ஜங்க்கில் பிடிபடாத ஸ்பாமையும் நீங்களே சேர்த்துத் தள்ளுவதால், உங்கள் சர்வர் ஸ்பாம் அனுப்புகிறது என்ற பெயர் வாங்கும். அப்புறம் நீங்கள் வியாபாரிக்கு அனுப்பும் நல்ல விலைப்பட்டியலும் அவர் ஸ்பாமில் விழும். ஜிமெயில் ஆப்பிலேயே உங்கள் சர்வர் கணக்கை ஐமேப் (மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) வழியாகச் சேர்த்துவிட்டால் முதலாளிக்கு வேண்டியது கிடைத்துவிடும். அனுப்பியே தீர வேண்டுமானால் காப்பி நீட்சியோடு அனுப்பி ஒரு பிரதியை இங்கேயே வையுங்கள். சீவ் ரிடைரக்ட் என்வலப் ஃப்ரம் என்ற அமைப்பால் அனுப்புநர் உறை முகவரியை உங்கள் டொமைனுக்கு மாற்றுங்கள். எஸ்பிஎஃப் சிக்கல் அதோடு குறையும்.

விதி ஓடவில்லை என்றால்

முதலில் போஸ்ட்ஃபிக்ஸ் லாகில் டெலிவரி எல்எம்டிபி வழியாகத்தான் போனதா என்று பாருங்கள். போயிருந்தால் எந்த ஸ்கிரிப்ட் ஆக்டிவ் என்று பாருங்கள். ஒரு யூசருக்கு ஒரு நேரத்தில் ஒரே ஸ்கிரிப்ட்தான் ஆக்டிவாக இருக்கும். நீங்கள் கையால் எழுதி வைத்திருப்பீர்கள். அலுவலகத்தில் யாரோ ரவுண்ட்கியூப்பில் ஒரு விதி போட்டிருப்பார்கள். அது தன் ஸ்கிரிப்டை ஆக்டிவ் ஆக்கியிருக்கும், உங்களுடையது ஓரமாகப் போயிருக்கும். பொது விதிகளைச் சீவ் பிஃபோரில் வைத்து, யூசர் விதிகளை ரவுண்ட்கியூப்புக்கு மட்டும் விட்டுவிடுவதுதான் நிம்மதி.

ஏற்கெனவே குவிந்து கிடக்கும் பழைய மெயிலைப் பிரிக்கச் சீவ்-ஃபில்டர் என்ற கட்டளை உண்டு. வெறுமனே ஓட்டினால் ஒத்திகை மட்டும் பார்க்கும். சிறிய இ விருப்பம் கொடுத்தால்தான் நிஜமாகச் செயல்படும். பெரிய டபிள்யூ சேர்த்தால்தான் மூலப் பெட்டியில் கை வைக்கும். மெயில் ஃபோல்டரை பேக்கப் எடுத்துவிட்டு, ஒத்திகையின் வெளியீட்டை முழுதும் படித்துவிட்டு, பிறகு இரண்டையும் கொடுங்கள். ஏலம் இல்லாத நாளாகப் பார்த்து இதைச் செய்தால் அலுவலகத்தில் யாருக்கும் இடைஞ்சல் இருக்காது.